செய்ந்நன்றியும் நீதிபதியும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் முழுவதும், எங்கள் வீட்டு அஞ்சல் பெட்டியில் மின்கட்டண ரசீதைக் கண்டெடுப்பதே ஒரு தனி வேலையாக இருந்தது. விஸ்கான்ஸின் மாநில உச்ச நீதிமன்றத்தில் காலியாகும் ஒரே ஓர் இடத்துக்கு ஏப்ரல் முதல் தேதி தேர்தல். நாளொன்றுக்கு மூன்று நான்கு வழவழப்பான அட்டைகள் வந்து விழுந்தன. ஓர் அட்டை ஸூஸன் க்ராஃபர்ட் கொடிய குற்றவாளிகளுக்குக் குறைந்த தண்டனை தந்தவர் என்றது. இன்னொன்று ப்ராட் ஷிமெல் பாலியல் வன்முறை வழக்குகளின் தடயப் பெட்டிகளைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் தேங்கவிட்டவர் என்றது. இரண்டிலும் முகங்கள் கறுப்பு வெள்ளையில், குற்றப்பிரிவுக் காவல்துறையின் புகைப்படங்களைப் போல அச்சிடப்பட்டிருந்தன.

குடியுரிமை பெற்றபின் நாங்கள் இருவரும் ஒரு நீதிபதிக்காக வாக்களிக்கவிருந்த முதல் தேர்தல் அது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஊருக்குத் தொலைபேசும்போதெல்லாம் "இங்கே நீதிபதியையே நாங்கள்தான் தேர்ந்தெடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த வழக்கத்துக்கு ஒரு நல்ல பூர்வீகமும் உண்டு. 1832இல் மிஸிஸிப்பி மாநிலமும் 1846இல் நியூயார்க்கும் நீதிபதிகளைத் தேர்தலுக்கு விட்டபோது, ஆளுநர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் வேண்டியவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்வதைத் தடுப்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. எந்தக் கதவை அடைத்தார்கள், எந்தக் கதவு திறந்துகொண்டது என்பது வேறு கதை.

திறந்த கதவின் அகலத்தை அந்த மார்ச்சில் பார்த்தோம். ஜனவரியில் டெஸ்லா நிறுவனம் விஸ்கான்ஸின் மாநிலத்தின்மீது ஒரு வழக்குத் தொடுத்திருந்தது. கார் தயாரிப்பவர்களே நேரடியாக விற்பனை நிலையம் நடத்தக்கூடாது என்கிற சட்டத்தை எதிர்த்து. அதன் பின்னர் ஈலான் மஸ்க்கும் அவரைச் சார்ந்த அமைப்புகளும் ஷிமெலுக்காக 2 கோடி டாலருக்கு மேல் இறைத்தார்கள். மார்ச் 30ஆம் தேதி க்ரீன் பே நகரில், இம்மாநிலத்துக்காரர்கள் கால்பந்தாட்டத்துக்கு அணிந்து செல்லும் பாலாடைக்கட்டி வடிவத் தொப்பியைச் சூடிக்கொண்டு மேடையேறிய மஸ்க், இரண்டு வாக்காளர்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் காசோலையை நீட்டினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆத்திரத்தில், அன்றிரவே இணையத்தில் க்ராஃபர்டின் தேர்தல் நிதிக்கு 25 டாலர் அனுப்பினோம்.

அவர் ஏறத்தாழ 10 சதவீத வித்தியாசத்தில் வென்றார். பணம் தோற்றது என்று வீட்டில் பால் பாயசம் வைத்தோம்.

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து மாமா பேசினார். ஜில்லா நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; நீதிபதிகளை மிக அருகிலிருந்து பார்த்தவர். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மாப்பிள்ளை, ஜெயித்த அம்மாளுக்கு யார் பணம் போட்டார்கள்?" என்றார்.

எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. இரு தரப்புமாகச் செலவழிந்த தொகை 10 கோடி டாலரை ஒட்டி. ஜார்ஜ் ஸோரோஸ் 20 லட்சமும் இல்லினாய் ஆளுநரான பெருஞ்செல்வர் ப்ரிட்ஸ்கர் 15 லட்சமும் மாநில ஜனநாயகக் கட்சிக்குக் கொடுத்திருந்தார்கள். 2015இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கட்சி அந்தப் பணத்தை வேட்பாளருக்கு வரம்பின்றி மாற்றிவிடலாம். தோற்றது ஒரு பணம், வென்றது இன்னொரு பணம் என்பதைச் சொல்லும்போது பாயசத்தின் ருசி குறைந்துதான் போயிற்று. எங்கள் 25 டாலரையும் சொன்னோம். "அப்படியானால் உங்களுக்கும் அவர் கடமைப்பட்டவர்தானா?" என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் இதை எழுதவைத்தது. திருக்குறளில் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல், அதற்கு அடுத்தது நடுவுநிலைமை. இந்த வரிசை ஏன் என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் காட்டுகிறார். நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அங்கேயும் சிதையலாகாது என்பதற்காகவே நன்றியறிதலின் பின்னால் இது வைக்கப்பட்டது என்று. பகைவனிடம் நடுவுநிலை காப்பதைவிட, உபகாரம் செய்தவனிடம் காப்பதே கடினம். கெட்டவர்களைப் பற்றிய எச்சரிக்கை அல்ல இது, நன்றியுள்ள நல்லவர்களைப் பற்றியது. குறளை நாங்களும் படித்தவர்கள்தாம். அதிகாரத் தலைப்புகளுக்கு இடையிலுள்ள இந்தச் சந்தில் ஒருநாளும் நின்றதில்லை.

அந்தச் சந்தில் ஒரு முழு வழக்கே நடந்திருக்கிறது. 2008இல் வெளியான ஜான் க்ரிஷாமின் 'தி அப்பீல்' நாவலை அந்நாளில் வாசித்தபோது, சற்று மிகைப்படுத்துகிறாரோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதுண்டு. மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைப் பின்னர் அறிந்தபோது அப்படிப் பேசியதற்காக வெட்கப்பட்டோம்.

அங்கே ஹ்யூ கேபர்டன் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க முதலாளி, தன்னை நொடித்துப் போகச் செய்ததாக மாஸி என்னும் பெரிய நிலக்கரி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2002இல் ஜூரிகள் அவருக்கு 5 கோடி டாலர் இழப்பீடு வழங்கினார்கள். மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்பது தெரிந்த நிலையில், 2004இல் அந்த நீதிமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. பதவியிலிருந்த நீதிபதி வாரன் மக்ராவை எதிர்த்து ப்ரென்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞர் நின்றார். மாஸி நிறுவனத் தலைவர் டான் ப்ளாங்கன்ஷிப் பெஞ்சமினுக்கு நேரடியாகக் கொடுத்தது சட்டம் அனுமதித்த 1,000 டாலர் மட்டுமே. ஆனால் 'குழந்தைகளின் பொருட்டு' என்ற பொருள்படும் பெயருடைய ஓர் அமைப்புக்கு 25 லட்சத்தை நெருங்கிய தொகையையும், தாமே விளம்பரங்களுக்காக 5 லட்சத்துக்கு மேலும் செலவிட்டார். பெஞ்சமினின் மற்ற ஆதரவாளர்கள் அனைவரும் சேர்ந்து கொடுத்ததைவிட இது அதிகம். அந்த விளம்பரங்களில் நிலக்கரி என்ற சொல்லே தேவைப்படவில்லை. பாலியல் குற்றம் புரிந்த ஒருவனை வெளியே விட்டவர் மக்ரா என்பதே பிரச்சாரம். எங்கள் பெட்டியில் விழுந்த அட்டைகளின் மூதாதை அதுதான்: பணம் ஒரு காரணத்துக்காக வருகிறது, அட்டை இன்னொரு காரணத்தைப் பேசுகிறது.

பெஞ்சமின் வென்றார். வழக்கிலிருந்து விலகுமாறு கேபர்டன் விண்ணப்பித்தபோது மறுத்தார். 2007இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் 5 கோடி டாலர் தீர்ப்பு ரத்தாயிற்று. மூவரில் பெஞ்சமினும் ஒருவர். (மூவரில் இன்னொருவர் ஃப்ரான்ஸின் தென்கடற்கரையில் ப்ளாங்கன்ஷிப்புடன் இருந்த புகைப்படங்கள் வெளிவந்து, மறுவிசாரணையில் அவர் விலகிக்கொண்டார். இதை நாவலில் எழுதியிருந்தால் நிச்சயம் நம்பியிருக்கமாட்டோம்.) 2008இல் மறுவிசாரணையிலும் அதே மூன்றுக்கு இரண்டு, பெஞ்சமின் அப்போதும் விலகவில்லை.

வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. 2009 ஜூன் 8ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பெஞ்சமின் விலகியிருக்கவேண்டும் என்றது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம். இது லஞ்சம் அல்ல, ஆனாலும் தம்மை நாற்காலியில் அமர்த்தப் பாடுபட்டவரிடம் நீதிபதிக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கும் என்ற வாதத்தைத் தம் தீர்ப்பில் எடுத்துக்கொண்டார் நீதிபதி கென்னடி. பரிமேலழகரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மாறுபட்டு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 40 கேள்விகளை வரிசையிட்டார். எவ்வளவு பணம் அளவுக்கு மீறியது, அந்தக் கடன் எத்தனை காலம் நீடிக்கும் என்பதுபோல. அவை வெறும் சாமர்த்தியம் என்று தள்ளிவிட முடியவில்லை எங்களால். மாமாவின் சிரிப்பிலும் அவற்றில் ஒன்று இருந்தது. கேபர்டனுக்கோ பெரிதாக எதுவும் மாறவில்லை. அதே ஆண்டு நவம்பரில், பெஞ்சமின் இல்லாத அமர்வு நான்குக்கு ஒன்று என மீண்டும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

எங்கள் மாநிலம் இதிலிருந்து கற்றுக்கொண்டது விசித்திரமானது. தேர்தல் நன்கொடை மட்டுமே ஒரு நீதிபதி விலகுவதற்குக் காரணமாகாது என்று விஸ்கான்ஸின் உச்ச நீதிமன்றம் 2010இல் தனக்குத்தானே விதி செய்துகொண்டது. தொழிலதிபர் சங்கமும் வீடு மனை விற்பனையாளர் சங்கமும் எழுதிக்கொடுத்த வாசகத்தின் அடிப்படையில். ஓய்வுபெற்ற நீதிபதிகள் 54 பேர் 2017இல் இதைக் கடுமையாக்கக் கோரினார்கள். ஐந்துக்கு இரண்டு எனத் தள்ளப்பட்டது.

அந்த விதியை எழுதியவர்களையும் கோரிக்கையைத் தள்ளியவர்களையும் நாங்கள் பலமுறை ஏசியிருக்கிறோம். ஆனால் 2023இல் ஜேனட் ப்ரோட்டஸேவிச் வென்றபோது, அவருக்கு ஜனநாயகக் கட்சி கொடுத்தது 1 கோடி டாலருக்கு அருகில். தொகுதி எல்லைகள் மோசடியானவை என்று பிரச்சாரத்திலேயே பேசியவர் அவர். அந்த எல்லைகள் குறித்த வழக்கிலிருந்து விலக மறுத்தார். டிசம்பரில் நான்குக்கு மூன்று எனப் பழைய வரைபடம் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. கட்சி அந்த வழக்கில் மனுதாரர் அல்ல, வரைபடமும் அநியாயமானதுதான் என்று அன்று வாதிட்டோம். இன்றும் அந்த வரைபடம் அநியாயமானது என்றே நினைக்கிறோம். ஆனால் அவர் விலகியிருக்கவேண்டுமா என்ற கேள்வியை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. 25 டாலர் அனுப்பிய இரவும், நடுநிலையான நீதிபதி ஒருவர் வேண்டும் என்று மட்டும் எண்ணி அனுப்பவில்லை. எதிர்காலத்தில் சில வழக்குகள் எப்படி முடியவேண்டும் என்ற விருப்பமும் அதோடு சேர்ந்து போயிற்று.

தேர்தலே இல்லாத கூட்டாட்சி நீதிமன்றங்களில் இத்தொல்லை இல்லை என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. 2016இல் மெரிக் கார்லண்டைத் தடுக்க 70 லட்சம் டாலர், மறு ஆண்டு நீல் கோர்ஸச்சை ஏற்றுக்கொள்ளச் செய்ய 1 கோடி டாலர் என்று ஒரே அமைப்பு பகிரங்கமாக அறிவித்தே பிரச்சாரம் செய்தது. கொடுத்தவர்களின் பெயர்களை வெளியிடவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இங்கே குறைந்தபட்சம் பாலாடைக்கட்டித் தொப்பியையாவது நாங்கள் பார்த்தோம்.

மாமா தம் பணிக்காலத்து முன்சீப் ஒருவரைப் பற்றிச் சொல்வார். அந்த ஊரில் இருந்த மூன்று வருடமும் எந்தக் கல்யாண வீட்டிலும் கை நனைக்காதவர். "மனுஷனுக்குப் பிடிக்காமல் இல்லை, பந்தியில் உட்கார்ந்தால் அப்பளம் கூடுதலாக வைத்தவன் முகம் ஞாபகம் இருக்கும் என்பார்" என்று. விஸ்கான்ஸின் நீதிபதிக்கு அந்த வழி கிடையாது. பந்தியில் உட்காராமல் அவர் நாற்காலிக்கே வர முடியாது. பரிமாறுகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

2026இல் இன்னோர் இடத்துக்குத் தேர்தல் என்று நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. 25 டாலர் என்று முன்னதாகவே நிரப்பப்பட்ட ஒரு நீலப் பொத்தான். அழுத்தலாம் என்றார் எங்களில் ஒருவர். மற்றவர் மாமாவிடம் என்ன சொல்வது என்றார். அன்றிரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினோம். மின்னஞ்சலை அழிக்கவில்லை, பொத்தானை அழுத்தவும் இல்லை.