சாவு வீட்டுக் குவார்ட்டர்

சிறு வயதிலேயே குடிக்கப் பழகிய இளைஞர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "மொதல்ல யாரு ஊத்திக் குடுத்தது?" என்பதைத்தான். சேரிப் பையன்கள் பலர் சொல்லும் பதில்: சாவு வீடு. அண்ணனோடு பறையடிக்கப் போனபோது, பதின்மூன்று வயதில், கூலியோடு கூலியாகச் சரக்கும் கைக்கு வந்திருக்கிறது. ஊற்றிக் கொடுத்த அதே ஊர்தான் பிறகு, "காலனிப் பசங்கன்னாலே குடிகாரனுங்க" என்கிறது.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டுவரை சிறை. அந்தச் சட்டம் ஒரு சாவு வீட்டுக்குள் நுழைந்து நாங்கள் பார்த்ததில்லை.

சீக்கிரம் குடிக்கத் தொடங்கியவர்கள், வாலிப வயதில் ஆணுறையில்லாமலும் போதையிலும் உறவு கொள்வது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குடி மட்டுமே காரணமில்லை. வீட்டுச் சூழலும் வறுமையும் பள்ளி இடைநிற்றலும் இரண்டுக்கும் பொதுவான வேர்கள். ஆனாலும் நாங்கள் நேரில் காண்பது ஒன்றுண்டு. பதின்மூன்றில் தொடங்கியவனுக்கு இருபதில், குடிக்காமல் ஒரு பெண்ணிடம் ஆசையைச் சொல்லத் தெரிவதில்லை. அவள் வேண்டாம் என்பதைக் கேட்கும் நிதானமும் இருப்பதில்லை.

"போதையில நடந்துருச்சுக்கா" என்றான் இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன். அவன் சொன்ன பெண்ணும் நம் தெருப் பெண்தான். தானாகக் குடித்தவனின் போதையைச் சட்டம் மன்னிப்பதில்லை. போதையில் நினைவிழந்தவளின் மௌனத்தைச் சம்மதமாகவும் ஏற்பதில்லை. இரண்டையும் அவனுக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் வெளியே பேசினால் சாதிவெறியர்கள் வாய்க்கு அவல் கிடைக்கும் என்று தயங்கும் தோழர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மௌனத்தின் விலையை நம் பெண்கள்தான் கொடுக்கிறார்கள். 1927இல் மகாடில் கூடிய பெண்களிடம், குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்றார் அம்பேத்கர். எதிரி கேட்டுவிடுவானே என்று அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

ஆகவே தோழர்களே, சாவுக்குப் பறையடிக்கச் சிறுவர்களை அனுப்ப மாட்டோம், கூலியாகச் சரக்கு வாங்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்வோம். மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன்களிடமே உடலைப் பற்றியும் ஆணுறை பற்றியும் சம்மதம் பற்றியும் பேசத் தொடங்குவோம். இருபதில் சொல்வது தாமதம்.