உக்காத படகு

திருகோணமலையின் உள்துறைமுகத்தை அடுத்த மேட்டுநிலம் ஓர்ஸ் ஹில். அங்கு வாழ்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் கரைக்கு இறங்கிச் செல்வது வழக்கம். ஒருநாள் மீனவர் ஒருவர் அவரை மறித்தார். அவருடைய கண்ணாடியிழைப் படகு பாறையில் மோதிப் பிளந்து கிடந்தது.

"மாஸ்டர், இதை எரிச்சு விடலாமோ?"

"வேண்டாம் தம்பி. புகை நஞ்சு."

"அப்ப என்ன செய்யிறது?"

ஆசிரியர் வாய் திறக்கவில்லை. பல்பகுதியங்களைப் பல்லாண்டு கற்பித்தவர் அவர். சிறு மூலக்கூறுகள் கோவையாகி நெடுஞ்சங்கிலி ஆகின்றன என்று 1920இல் ஸ்டவுடிங்கர் கூறியபோது அறிஞர் பலர் ஏற்க மறுத்ததையும், 1935இல் கரோதர்ஸ் நைலோனை ஆக்கியதையும் சுவைபட உரைப்பார். ஆயினும் கோப்பதைக் கற்பித்த அளவுக்கு அவிழ்ப்பதை அவர் கற்பித்ததில்லை.

மரமும் ஒரு கலப்புப் பொருளே. செலுலோசு இழைகளை இலிக்னின் பிணைத்து நிற்கிறது. இத்துறைமுகத்தின் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கினால் கட்டப்பெற்ற பிரித்தானியப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஆட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. தென்னந்தும்பு உப்புநீரைத் தாங்குவதும் இலிக்னின் மிகுதியாலேயே. ஆனால் பராமரிப்பார் இல்லையெனில் பூஞ்சணமும் கடற்புழுவும் மரத்தைத் தின்று தீர்க்கும். உடைந்த மரவள்ளம் அடுப்புக்காவது உதவும்.

கண்ணாடியிழைப் படகிலும் அமைப்பு அதுவே. கண்ணாடி நூல்களைப் பொலியெசுத்தர்ப் பிசின் பிணைக்கிறது. பிசின் இறுகும்போது சங்கிலிகள் குறுக்கே பின்னிக்கொள்கின்றன. பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாது, கருகும். உருக்கி மறுபடி வார்க்க இயலாது. படகு இலேசானது, ஒழுக்கடைக்கும் வேலை இல்லாதது என்பதை மீனவர் நன்கறிவர். 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணமாக வந்தவற்றிலும் இவ்வகைப் படகுகள் மிகுதி. அவற்றின் முதுமையை அன்று யார் எண்ணினார்? வெயிலில் மேற்பூச்சு வெளிறும். நூல்கள் வெளிப்பட்டுக் கையில் குத்தும். உடல் மட்டும் உக்காது.

சில நாடுகளில் இத்தகைய கழிவைச் சீமெந்துச் சூளையில் இடுகின்றனர். பிசின் எரிபொருளாகும், கண்ணாடி சீமெந்தோடு சேரும். ஆசிரியர் இதை மீனவரிடம் சொல்ல எண்ணி, சொல்லாமல் விட்டார். துண்டாக்கி ஏற்றும் கூலியை யார் கொடுப்பது?

முடிவில் மீனவரே வழி கண்டார். முன்பாதியை அறுத்துக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கவிழ்த்தார். பின்பாதி கரையிலேயே கிடந்தது. மாரியில் அதில் நீர் தேங்கி நுளம்பு பெருகிற்று. மழை விட்ட மாலைகளில் ஆசிரியர் ஒரு சிரட்டையோடு இறங்கிச் சென்று, அந்நீரை இறைத்துவிட்டு மேடேறினார்.