அந்தரத்தில் ஒரு தொப்பி

ஸ்பெயினின் டொலேடோ பேராலயத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். யாரானாலும் அதைத்தான் செய்வார்கள். 1226இல் தொடங்கி 1493 வரை கட்டிய கட்டடம். தூண்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. கழுத்து வலிக்க ஆரம்பித்தபோது அந்தத் தொப்பி கண்ணில் பட்டது. அகன்ற விளிம்பு, சாயம் போன சிவப்பு, ஓரத்தில் குஞ்சங்கள். கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டடை அடிக்க வந்தவர் யாரோ மாட்டிவிட்டு மறந்துபோனார் என்று நினைத்தேன்.

விசாரித்தால், அது ஒரு கர்தினாலின் தொப்பி. இங்கே அடக்கமாகும் கர்தினால்களின் தொப்பியைச் சமாதிக்கு நேர்மேலே தொங்கவிடுவார்களாம். பிறகு அதை யாரும் தொடுவதில்லை. நூல் இற்றுத் தானாக விழும்வரை அங்கேயேதான். இத்தனை தங்கமும் பளிங்கும் உள்ள இடத்தில் ஒரு துணித்தொப்பியை மக்கவிடும் அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது.

பலிபீடத்துக்குப் பின்னால் போனால் இதற்கு நேரெதிர். நற்கருணை வைத்திருக்கும் இடம் இருட்டாக இருக்கிறதென்று, நர்சிசோ தோமே என்ற சிற்பி பழைய கோதிக் கூரையையே வெட்டித் திறந்துவிட்டார். 1732இல் வேலை முடிந்தது. ஓட்டை வழியாக வெயில் இறங்க, தேவதூதர்களும் மேகங்களும் கதிர்களுமாகச் சுவர் முழுக்க ஒரே நெரிசல். ‘டிரான்ஸ்பரேன்டே’ என்று பெயர். கூரையில் கைவைத்த துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. மற்றபடி, என் கண்ணுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. இதைச் செய்யச் சொன்ன பேராயர் தியேகோ தே அஸ்தோர்காவை அதன் காலடியிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

எல் கிரேக்கோவின் ஓவியம் இருக்கும் அறையில் கூட்டம் அதிகம். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சாக்ராரியோ மாதா சிற்றாலயத்தின் முன்னால் மறுபடியும் அண்ணாந்தபடி நின்றிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் என் கால்பக்கம் கைகாட்டினார். குனிந்தால், தரையோடு தரையாக ஒரு சமாதி. நான் நின்றது அதன்மேல். சட்டென்று விலகினேன். லத்தீனில் ஒரே வரி: இங்கே கிடப்பது தூசி, சாம்பல், ஒன்றுமில்லை. பெயர் கிடையாது.

உள்ளே இருப்பவர் கர்தினால் போர்தோகரேரோ, 1709இல் இறந்தவர். பிள்ளையில்லாத மன்னர் இரண்டாம் கார்லோஸ் 1700இல் சாகும் தறுவாயில் இருந்தபோது, பிரான்சின் பூர்போன் இளவரசருக்கு அரியணையை எழுதிவைக்கச் செய்ததில் பெரும்பங்கு இவருடையது. இன்றைய ஸ்பெயின் மன்னரும் அந்த வம்சம்தான்.