மருமாளின் மலைச் சைக்கிள்

தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஓர் உண்மை தெரியும். அளவெடுத்துத் தைத்த சட்டை என்பதனாலேயே அது உடம்புக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. முதல் தடவை போட்டுப் பார்க்கும்போது கழுத்துப் பிடிக்கும்; அக்குள் இழுக்கும். நல்ல தையற்காரர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாருங்கள்" என்பார். மலைச் சைக்கிள் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். பாகம் பாகமாகப் பொறுக்கி எடுத்து ஒருவருக்கென்றே தனியாகச் சேர்த்த சைக்கிளாயிருந்தாலும், ஓட்டுகிறவருடைய கனத்துக்கும் கைக்கும் அதை இசைவு செய்கிற வரையில் அது கடைக்காரருடைய சைக்கிளே ஒழிய, அவருடைய சைக்கிள் ஆகாது.

மலைச் சைக்கிள் என்றதும், "மலையூரில் பால்காரர் தள்ளிக்கொண்டு போவாரே, அதுவா?" என்று சில நேயர்கள் கேட்கலாம். அது அன்று. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்கு வடக்கே மாரின் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. 1970-ஆம் ஆண்டுகளில் அங்கே சில இளைஞர்கள், தங்கள் தகப்பனார் காலத்துக் கனமான சைக்கிள்களை மலை உச்சிக்கு ஏற்றிக் கொண்டுபோய், மண் பாதையில் கீழ்நோக்கிப் பாய்வதை ஒரு விளையாட்டாகக் கொண்டார்கள். 1976 அக்டோபரில் அதற்கு ஒரு பந்தயமே வைத்தார்கள். சுமார் 400 மீட்டர் உயரம் இறங்கும் அந்தப் பாதையின் அடிவாரத்துக்கு வருவதற்குள், பின் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் பிரேக் சூடேறி, உள்ளேயுள்ள கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். குடத்தைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை இறங்கலாம். 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபாக்' என்பதே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாகப் பிரேம் செய்தார்.

அந்தச் சைக்கிள்களிலே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வெறும் இரும்புக் குழாய்தான். கல்லின் அதிர்ச்சியெல்லாம் நேரே மணிக்கட்டில் வந்து இறங்கும். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பழகிய பால் டர்னர் என்பவர், மோட்டார் சைக்கிளின் வித்தையைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தார். அவர் கூட்டாக 1989-இல் ஆரம்பித்ததுதான் ராக்‌ஷாக்ஸ் கம்பெனி. மறு வருஷம் கொலராடோவில் துராங்கோ என்னும் ஊரில் நடந்த உலகப் பந்தயத்தில், மலை இறக்கத்தில் முதலாக வந்த கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் அத்தகைய ஃபோர்க் இருந்தது. அதற்குப் பிறகு 'ஸஸ்பென்ஷன்' இல்லாத மலைச் சைக்கிளை இறக்கப் பந்தயங்களில் காண்பது அரிதாகிவிட்டது.

'ஸஸ்பென்ஷன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே சர்க்கார் உத்தியோகஸ்தர் குடும்பங்களில் வயிற்றைக் கலக்கும் என்பது நமக்குத் தெரியும். இது அந்த ஸஸ்பென்ஷன் அல்ல. அதிர்ச்சி தாங்கும் அமைப்புக்கும் அதே பெயர்தான். ஆயினும் நம் தங்கையின் வீட்டில் இந்தச் சாதுவான வார்த்தையும் கொஞ்ச காலம் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. அதற்குக் காரணம் உண்டு.

தங்கையின் புதல்வி, அதாவது நம் மருமாள், கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். 2023 டிசம்பர் விடுமுறையில் ஒரு சிநேகிதியின் மலைச் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஒரு சரிவில் இறங்கினாள். வேகம் கொஞ்சம் மிஞ்சியது. தினந்தோறும் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள்: பின்பிரேக்கைப் பிடிப்பதாக எண்ணி இடக்கையை அழுத்தினாள். முன்சக்கரம் நின்றுவிட்டது. பெண் நிற்கவில்லை, ஹாண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாள்.

அவள் பேரிலும் குற்றமில்லை. சைக்கிளின் பேரிலும் குற்றமில்லை. நம் நாட்டு வழக்கத்தில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. இங்கிலாந்திலும் சைக்கிளுக்கு இதே வழக்கந்தான். அமெரிக்காவிலோ சைக்கிளுக்கு இதற்கு நேர்மாறு. சிநேகிதியின் சைக்கிள் அமெரிக்க வழக்கப்படி பிரேக் பூட்டப்பட்டது. இதை முன்கூட்டி யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எலும்பு கூடிவிட்டது. ஆசையும் போகவில்லை. பாட்டனார் அவள் பெயரில் விட்டுப்போன தொகையிலிருந்து தனக்கென்றே ஒரு சைக்கிள் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று மருமாள் பிடிவாதம் பிடித்தாள். தங்கை கடைசியில் ஒரு நிபந்தனையின்மேல் சம்மதித்தாள். "அண்ணா! நீங்கள் கூட இருந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்த்த பிறகுதான் இவள் அதன்மேல் ஏற வேண்டும்" என்றாள்.

ஆகவே, 2024-ஆம் ஆண்டில் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து சைக்கிள் வந்து இறங்கியபோது நாமும் அங்கே ஆஜரானோம். சிறிய அளவுப் பிரேம். முன்னும் பின்னும் 120 மில்லிமீட்டர் அமிழக்கூடிய ஸஸ்பென்ஷன். எல்லாம் அவள் பொறுக்கியபடியே இருந்தன. ஆனால் ஹாண்டில்பார் 780 மில்லிமீட்டர் அகலம். முன்ஃபோர்க்கில் சதுர அங்குலத்துக்கு 85 பவுண்டு காற்று. முன்பிரேக், கேட்க வேண்டுமா, இடது கையில்! கடைக்காரருக்கு டெலிபோன் செய்ததில், "எல்லாம் ஸ்டாண்டர்டு ஸெட்டிங்தான், ஸார்" என்று பதில் வந்தது.

இந்த ஸ்டாண்டர்டு மனிதர் யார் என்று நாம் யோசித்துப் பார்த்தோம். காற்றின் கணக்கைப் பார்த்தால் அவர் 80 கிலோ கனமுள்ள ஆண்பிள்ளை. தோள் அகன்றவர், விரல் நீண்டவர், அமெரிக்காவில் வசிப்பவர். நம் மருமாளோ 48 கிலோ. தலைக்கவசம், முழங்கால் காப்பு, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் நிறுத்தால் 52 கிலோ. பெயர் அவளுடையது, பணம் அவளுடையது. அளவு மாத்திரம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது!

முதலில் பிரேக்கைக் கவனித்தோம். இது ஹைட்ராலிக் பிரேக். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்வது. இடம் மாற்ற வேண்டுமானால் இரண்டு குழாய்களையும் பிடிக்கருகே கழற்றி, மாற்றி இணைத்து, உள்ளே புகுந்த காற்றுக் குமிழியைக் கடைசித் துளி வரையில் வெளியேற்ற வேண்டும். குமிழி தங்கிவிட்டால் பிடி பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர, சக்கரம் நிற்காது. அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே அவர் தொழில் தெரிந்தவர் என்பதைக் காட்டிவிட்டது. "இதற்கு என்ன ஆயில்? மினரல் ஆயிலா, டாட் ஆயிலா?" என்றார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுப் பிரேக்கே பாழாகிவிடும். பிடியின்மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்த பிறகே கை வைத்தார்.

பிறகு ஹாண்டில்பார். அகலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உடனே ரம்பத்தை எடுத்துவிடக் கூடாது. அறுத்ததை ஒட்ட முடியாது. பிடியுறைகளையும் பிரேக் பிடிகளையும் முதலில் உட்புறமாகத் தள்ளி வைத்துச் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மருமாள் ஒரு வாரம் தெருவிலும் மைதானத்திலும் ஓட்டிவிட்டு, 720 மில்லிமீட்டர்தான் தன் தோளுக்குச் சரி என்றாள். பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் வீதம் அறுத்தோம்.

பிரேக் பிடி இருக்க வேண்டிய இடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. மலை இறக்கத்தில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பிரேக்குக்கு. மற்ற விரல்கள் ஹாண்டில்பாரை விடக் கூடாது. அந்த விரல் பிடியின் நுனி வளைவில் இயல்பாகப் போய் உட்கார வேண்டும். அங்கேதான் குறைந்த பலத்துக்கு அதிகப் பிடிப்புக் கிடைக்கும். ஆகையால் பிடியை உட்புறம் நகர்த்தினோம். சிறிய விரலுக்கு எட்டும்படி, அதிலுள்ள சின்ன அலன் திருகைத் திருப்பிப் பிடியை ஹாண்டில்பாருக்கு அருகில் கொண்டு வந்தோம். அடுத்தது சாய்வு. சைக்கிளின்மேல் எழுந்து நின்று, முழங்கையைச் சற்று மடக்கி, விரலை நீட்டினால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரையில் ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்தாலும் தவறு. கீழே தொங்கினாலும் தவறு. ஒரு தடவை முறிந்த மணிக்கட்டுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. வலக்கைக் கட்டைவிரலுக்குக் கியர் விசை. இடக்கைக் கட்டைவிரலுக்கு ஆசனத்தைத் தாழ்த்துகிற விசை. பிடிகளை முறுக்கும்போது அசுர பலத்தைக் காட்டலாகாது. விழுந்தால் பிடி சுழன்று கொடுக்க வேண்டும், முறியக் கூடாது.

இனி ஸஸ்பென்ஷன். இதற்கு முன் சக்கரத்தின் காற்றைச் சரி பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், தரையைத் தொடுகிற ரப்பர்தான் முதல் ஸ்பிரிங். அதைக் கல் மாதிரி ஊதி வைத்துவிட்டு ஃபோர்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஃபோர்க்குக்குள்ளும் ஸ்பிரிங்காக இருப்பது காற்றுதான். ஓட்டுகிறவர் ஏறி நின்றதுமே அது ஓரளவு அமிழ வேண்டும். இதற்கு இங்கிலீஷில் 'ஸாக்' என்று பெயர். சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போவது போலவே, பள்ளம் வந்தால் கீழே இறங்கித் தரையைத் தொடவும் இடம் வேண்டுமல்லவா? அந்த இடந்தான் இது. முன்னால் மொத்த அமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 120-க்கு 24 மில்லிமீட்டர். பின்னால் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு. ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மருமாள் முழு உடுப்போடு ஏறி நின்றாள். நாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டோம். தங்கை குனிந்து வளையத்தை அடி வரையில் தள்ளினாள். மருமாள் மெல்ல இறங்கியபின் அளந்தோம். கடைக்காரர் அடித்த 85 பவுண்டில் 11 மில்லிமீட்டர்தான் அமிழ்ந்திருந்தது. ஷாக்குக்கென்றே உள்ள சிறு பம்பை வைத்துக்கொண்டு, காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் அளந்து, 58 பவுண்டில் 24-க்கு வந்தோம். பின் ஷாக்கில் 180 இருந்தது, 120-இல் சரியாயிற்று.

அமிழ்ந்தது எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு 'ரிபௌண்ட்' என்ற திருகு உண்டு. மிக வேகமாக எழுந்தால் சைக்கிள் குதிரைக்குட்டி மாதிரி உதைக்கும். மிக மெதுவாக எழுந்தால், ஒரு கல்லிலிருந்து எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். வரவர அமிழ்ந்துபோய்க் கடைசியில் ஸஸ்பென்ஷனே இல்லாதது போலாகும். காற்று குறைவாயிருந்தால் எழுப்பும் பலமும் குறைவு. ஆகவே கனம் குறைந்தவர்கள் இந்தத் திருகை அதிகமாகத் திறந்து வைக்க வேண்டும். இறுக மூடிய நிலையிலிருந்து 4 'கிளிக்' திறந்திருந்ததை 11-க்குக் கொண்டு போனோம்.

இத்தனையையும் மருமாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வந்தாள். நாம் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு தடவைக்கு ஒரு திருகுதான் திருப்பலாம். ஒரே நாளில் இரண்டு வைத்தியரிடம் மருந்து சாப்பிட்டவனுக்கு, குணமானது யாருடைய மருந்தால் என்று தெரியவே தெரியாது.

பிறகு கோத்தகிரிப் பக்கம் நண்பர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். நீலகிரியில் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. சொந்தத் தோட்டப் பாதையில் சொந்தக்காரரின் சம்மதமே போதும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காலைக் குளிரில், சமவெளி வெயிலில் அடித்த காற்று சுருங்கி அழுத்தம் குறைந்திருந்தது. மலைமேல் வெளிக்காற்று லேசானதால் அந்தக் குறையில் ஒரு பங்கு ஈடாகிவிடும். மற்றதற்குப் பம்பு வேண்டும். வளையத்தை மறுபடி அளந்து சரிசெய்த பிறகே மருமாள் ஏறினாள்.

தங்கை சரிவின் அடியில் போய் நின்றுகொண்டாள். நாம் பாதி வழியில் நின்றோம். தேயிலைச் செடிகளுக்கு மேலே தலைக்கவசம் மாத்திரம் தெரிந்தது. திருப்பத்துக்கு முன்னால் வேகம் தணிந்தது, மறுபடி எழுந்தது, நம்மைத் தாண்டிச் சென்றது. கீழே போய்ச் சேர்ந்தபோது வளையம் 104 மில்லிமீட்டரில் இருந்தது. மறு நாள் ஃபோர்க்கின் காற்றை இறக்கி, மேல்மூடியைத் திறந்து, உள்ளே இடம் அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்தோம். அதன்பின் அதே பாதையில் 113 வந்தது. மணிக்கட்டு வலிக்கிறதா என்று தங்கை கேட்டாள். "இல்லை, அம்மா. எந்தக் கை எந்தப் பிரேக் என்று நினைக்கவே இல்லை, கை தானாகப் பிடித்தது" என்றாள் மருமாள்.

இந்த எண்களையெல்லாம் நேயர்கள் தங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை ஒரு பெண்ணுக்கு, ஒரு ஃபோர்க்குக்கு, ஒரு வருஷத்துக்கு உரியவை. கனம் கூடினால் காற்றும் கூட வேண்டும். சுமார் 50 மணி நேரம் ஓடியதும் ஃபோர்க்கின் கீழ்க்குழாயைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும்.

தங்கைக்குப் பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். முன்பெல்லாம் மருமாள் சைக்கிளை வெளியே எடுத்தால், "போக வேண்டாமே" என்பாள். இப்போது, "ஷாக்கில் காற்றுப் பார்த்தாயா?" என்கிறாள்.