நெரித்தல் என்னும் வினை

தமிழ் கற்பிப்பவர் என்றால் மனு எழுதித் தருபவர் என்றும் எங்கள் பக்கத்தில் பொருள். திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பட்டாவுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்குமாக நம்மிடம் வருவோர் உண்டு. அண்மையில் வந்த பெண்மணியின் வழக்கு வேறு. ஊர்ப் பஞ்சாயத்து இருமுறை சமாதானம் பேசி அனுப்பிய குடும்பம். "தொண்டையப் புடிச்சிட்டாரு டீச்சர், கண்ணு இருட்டிக்கிச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது, கழுத்தில் கீறல்கூட இல்லை.

மனுவில் 'கழுத்தை நெரித்தார்' என்றே எழுதிக் கொடுத்தோம். பதிவாகி வந்த நகலில் அது 'கையால் தாக்கினார்' என்றாகியிருந்தது.

இரண்டும் ஒரே வினையல்ல. அடி உடம்பில் விழுகிறது. நெரிப்பு மூச்சையும் மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் நிறுத்துகிறது. சில நொடிகளில் நினைவு தப்பலாம். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வருவதுமுண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995இல் இரு இளம்பெண்கள் கொலையுண்ட பின், அங்குள்ள அரசு வழக்கறிஞர்கள் 300 நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் படமெடுக்கத்தக்க காயமே இல்லை. ஒருமுறை நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே துணைவனால் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கூறியது.

இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் நெரித்தல் தனிக் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. நம் நாட்டில் தனிப்பிரிவு இல்லை. ஆயினும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடமிருக்கிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் காயத்தை 116ஆம் பிரிவு கொடுங்காயம் என்கிறது; அதற்கு ஏழாண்டு வரை தண்டனை. கொல்லும் நோக்கம் தெரிந்தால் 109ஆம் பிரிவு. 'கையால் தாக்கினார்' என்று எழுதினாலோ 115(2) மட்டுமே மிஞ்சக்கூடும்: ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், நீதிமன்ற ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்யவும் இயலாது.

ஆகவே புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புகார் பெறுபவர் சில கேள்விகள் கேட்டால் போதும். மூச்சு நின்றதா? நினைவு தப்பியதா? விழுங்க வலிக்கிறதா? தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்ததா? மருத்துவர் கண்ணிமையைப் புரட்டி, செம்புள்ளிகள் உண்டா என்று பார்த்து, விபத்துப் பதிவேட்டில் குறிக்கவேண்டும், குரல் மாற்றத்தையும்தான்.

மனு எழுதும் நம்மைப் போன்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அவள் சொல்லும் 'கண்ணு இருட்டிக்கிச்சு' என்பதைச் செந்தமிழாக்காமல் அப்படியே எழுதுங்கள். கழுத்தில் தழும்பில்லாத இவ்வழக்குகளில் முதல் சாட்சியம் அதுவே.