பட்டறைக்கு ஒரு வண்டி

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொல்வார்கள். வெல்டிங் பட்டறைக்கும் இது பொருந்தும். ஊருக்கெல்லாம் அளவெடுத்து கேட்டும் கிரில்லும் செய்து கொடுக்கும் இடத்தில், சொந்த மெஷினை வைக்க ஒழுங்கான ஒரு வண்டி இருக்காது. மெஷின் ஒரு ஆடும் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கும். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். காசு கொடுப்பவர் வேலை முதலில், தன் வேலை கடைசியில். அந்தக் கடைசி மட்டும் வரவே வராது!

கோவை கணபதி பக்கம் அப்படி ஒரு சின்னப் பட்டறை. முதலாளியும் வெல்டரும் ஒருவரே. உதவிக்கு ஒரு பையன். கடன் வாங்கி ஒரு மிக் வெல்டிங் மெஷின் போட்டிருந்தார். அதற்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டும். 30 கிலோ கேஸ் பிடிக்கும் சிலிண்டர், நிறைந்திருக்கும்போது சுமார் 80 கிலோ எடை, ஆள் மார்பளவு உயரம்.

ஒரு நாள் சாயங்காலம் உதவிப் பையன் டார்ச்சை இழுத்துக்கொண்டு வாசல் வரை போனான். ஹோஸ் இறுகியது. நெருப்புப் பொறி பட்டுப் பட்டு ஏற்கெனவே நைந்திருந்த கயிறு அறுந்தது. சிலிண்டர் சாய்ந்தது. முதலாளி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கினார். சிலிண்டர் விழவில்லை. ஆனால் அவர் வலது கை ஒரு மாதத்துக்குத் தோளுக்கு மேல் எழவில்லை.

தாங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 30 டிகிரி வெப்பத்தில் அந்த சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 70 மடங்கு. ரெகுலேட்டர் மாட்டியிருக்கும்போது வால்வுக்கு மூடி கிடையாது. விழுந்த வேகத்தில் வால்வு உடைந்தால், கேஸ் ஒரு பக்கம் பீறிட, சிலிண்டர் மறுபக்கம் ராக்கெட் போலப் பாயும். எதிரே இருப்பது சுவரா மனிதனா என்று அதற்குத் தெரியாது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோதுதான் இது நடந்தது. அன்று இரவே கயிறு போய் சங்கிலி வந்தது. மறுநாள் காலை அவன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான்.

முதலில் படம்

அவன் முதலில் வரைந்த வண்டி பார்க்க அழகாக இருந்தது. குறுகலான உடம்பு, சக்கரங்களுக்கு இடையே அகலம் 400 மில்லிமீட்டர். குனியாமல் குமிழைத் திருப்ப வசதியாக மெஷின் மேல் தட்டில். சிலிண்டர் பின் அச்சுக்கு வெளியே, வால் மாதிரி.

அப்பா பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏங்கண்ணு, மெஷினை ரிப்பேருக்குக் கழட்டிட்டா இது நிக்குமா?"

நிற்காது. முன்பக்கம் எடை போனதும், அச்சுக்குப் பின்னால் தொங்கும் சிலிண்டர் வண்டியை மல்லாக்கச் சாய்த்துவிடும். மகன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, வகுப்பில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தான். கணக்கு சுலபம்தான். மொத்த எடையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், வண்டி பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்ந்தால் கவிழும் என்பது தெரிந்துவிடும்.

சிலிண்டர் 80 கிலோ, மெஷின் 35 கிலோ, வண்டியின் இரும்பு சுமார் 35 கிலோ. முதல் படத்தின்படி ஈர்ப்பு மையம் சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தது. கவிழும் கோணம் 15 டிகிரி. ஒரு பக்கச் சக்கரம் வாசல் பள்ளத்தில் இறங்கி, அதே நேரத்தில் யாராவது டார்ச்சை இழுத்தால் போதும், கதை முடிந்தது. மெஷினைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, அகலத்தை 600 ஆக்கியதும் மையம் 61 சென்டிமீட்டருக்கு இறங்கியது. கோணம் 26 டிகிரி. முன் சக்கரங்கள் திரும்பும்போது இது சற்றுக் குறையும். ஆனாலும் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

சிலிண்டர் பின் அச்சுக்கு முன்னால், வண்டிக்குள்ளேயே வந்தது. அப்பா இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து, சிலிண்டருக்கு ஒரு சங்கிலி இருந்த இடத்தில் இன்னொன்றும் போட்டார். ஒன்று இடுப்பளவில், ஒன்று அதற்கு மேலே.

சக்கரம்

பழைய இரும்புக்கடையில் 50 மில்லிமீட்டர் சின்னச் சக்கரங்கள் மலிவாகக் கிடைத்தன. வாங்கவில்லை. பட்டறைத் தரை பளிங்குத் தரை அல்ல. ராடு துண்டு, கேபிள், வெட்டிய இரும்பு என்று எல்லாம் கிடக்கும். 10 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு கம்பி குறுக்கே கிடந்தால், 50 மில்லிமீட்டர் சக்கரம் அதன் மேல் ஏற, சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைவிட அதிகமான விசையோடு இழுக்க வேண்டும். சுமார் 1.3 மடங்கு. 200 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அந்த எடையில் பாதி விசை கூடத் தேவையில்லை. சின்னச் சக்கரம் அங்கேயே முட்டி நின்றுவிடும், மேலே இருக்கும் சிலிண்டர் மட்டும் முன்னே போகும். கவிழ்வது அப்படித்தான்.

எனவே பின்னால் 200 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புச் சக்கரம் இரண்டு, முன்னால் பிரேக் வைத்த 125 மில்லிமீட்டர் திரும்பும் சக்கரம் இரண்டு. எடையை நான்கால் வகுத்து சக்கரம் வாங்கக் கூடாது என்பது அப்பாவின் பாடம். மேடு பள்ளத் தரையில் எப்போதும் ஒரு சக்கரம் சும்மா இருக்கும். மூன்றுதான் சுமக்கும். 150 கிலோவுக்குச் சக்கரம் ஒன்றுக்கு 50 கிலோ வருகிறது. தாங்குதிறன் 100 கிலோ உள்ளதாக வாங்கினார்கள்.

கைப்பிடிக்கு அதே கடையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று கிடைத்தது. அப்பா அதைத் தூக்கித் தூரப் போட்டார். அதைப் பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவனுக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். கறுப்புப் பைப்பே போதும்.

பற்றவைத்தல்

அடிச்சட்டம் 40க்கு 40, 3 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப். 900 நீளம், 600 அகலம். மேலே 3 மில்லிமீட்டர் தகடு.

வெட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மகனுக்கு அவசரம். ஒரு மூலையை முழுதாகப் பற்றவைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனான். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்று பரீட்சையில் எழுதியவன்தான்! முடித்துத் தரையில் வைத்தால் ஒரு மூலை 6 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. நான்கு மூலையையும் கிரைண்டரால் அறுத்துவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தான். இந்த முறை, முதலில் சட்டத்தைத் தட்டையான சேனல் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கினான். எல்லா மூலையிலும் சின்னச் சின்ன டேக் வைத்தான். மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்தான். 900க்கு 600 என்றால் இரண்டும் 1082 வரவேண்டும். வந்தது. பிறகுதான் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் பற்றவைத்தான்.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனையும் நடந்தது. "ஒரு துண்டுல போட்டுக் காட்டு கண்ணு" என்றார் அப்பா. மகன் இரண்டு துண்டுகளை 'டி' வடிவில் வைத்துப் போட்டான். ஒட்டு மீன் செதில் மாதிரி வரிவரியாக, அழகாக இருந்தது. அப்பா இடது கையாலேயே சுத்தியலை எடுத்து ஒரே அடி அடித்தார். துண்டு தனியாகப் போய் விழுந்தது. உருகிய இரும்பு மேலே உட்கார்ந்திருந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. வோல்டேஜைக் கூட்டி, வயர் வேகத்தைச் சரிசெய்து திரும்பப் போட்டான். இரண்டாவது துண்டை நான்கு அடி அடித்தும் தகடு வளைந்ததே தவிர ஒட்டு விடவில்லை. "இப்பப் போடு வண்டியில" என்றார்.

சக்கரங்களை நேராகப் பற்றவைக்கவில்லை. 6 மில்லிமீட்டர் தகட்டைச் சட்டத்தில் பற்றவைத்து, அதில் போல்ட் போட்டு மாட்டினார்கள். சக்கரம் தேய்ந்தால் கழற்றலாம், சூட்டில் பேரிங்கின் கிரீஸும் உருகி ஓடாது. சிலிண்டர் உட்காரும் இடத்திலும் சாயும் இடத்திலும் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் வைத்தார்கள். வெல்டிங் கரண்ட் தப்பித் தவறி வண்டியின் சட்டத்தில் பாய்ந்தாலும் சிலிண்டருக்குப் போகக் கூடாது. அதனால்தான் டார்ச் மாட்டும் கொக்கியும் சிலிண்டருக்கு எட்டாத தூரத்தில், வண்டியின் முன்பக்கத்தில் வந்தது.

ஏற்றியபோது

ரெட் ஆக்சைடு காய்ந்ததும் மெஷினைத்தான் முதலில் ஏற்றினார்கள். பிறகு அப்பா வண்டி மேல் ஏறி நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆட்டிப் பார்த்தார். அதன் பிறகே சிலிண்டர். இரண்டு சங்கிலியையும் அவரே மாட்டினார். உதவிப் பையன் வாசல்படிச் சரிவு வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். மகன் மட்டும் முழு நேரமும் கீழே குனிந்து தன்னுடைய ஒட்டுகளையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தான்.

கேட்டும் கிரில்லும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். அதில் ஒட்டு சரியில்லை என்றால் என்றைக்கோ ஒரு நாள் போன் வரும். இந்த வண்டி அப்படி இல்லை. அப்பாவும் அந்தப் பையனும் தினமும் இதன் பக்கத்தில்தான் நிற்பார்கள். பாலிடெக்னிக்கில் போட்ட ஒட்டுக்கெல்லாம் மார்க் கிடைத்தது. 80 கிலோ சிலிண்டரைத் தூக்கி வைத்தது இந்த ஒட்டுகள் மேல்தான்.

இரும்பு, சக்கரம், போல்ட், பெயின்ட் எல்லாம் சேர்த்து, வேலை மூன்று நாளில் முடிந்தது. வருடக்கணக்காகத் தள்ளிப்போன வேலை. தன் வேலையையும் ஒரு ஆர்டர் மாதிரி நோட்டில் எழுதி, அளவெடுத்து, தேதி போட்டுச் செய்தால் தோள் தப்பும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அடுத்ததாக நோட்டில் எழுதியிருப்பது, அந்த ஆடும் ஸ்டூல்.