வீட்டைத் தாங்கிய மகள்

பாஸ்டனிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கான்கார்ட். ஊரைக் கடந்து லெக்சிங்டன் சாலையில் நடந்தால், மரங்கள் அடர்ந்த ஒரு சரிவின் அடியில் பழுப்பு நிற மரவீடு தெரிகிறது. பெயர் ஆர்ச்சர்ட் ஹவுஸ். ‘லிட்டில் விமன்’ நாவலைப் படித்தவர்களுக்கு, அல்லது 1994லும் 2019லும் வந்த அதன் திரைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு, இது ஏற்கனவே பழகிய வீடு. நான்கு சகோதரிகள், அன்பான அம்மா, போருக்குப் போன அப்பா: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்பம் என்றதும் பலர் மனதில் எழும் சித்திரம் இதுதான்.

உள்ளே போனால் வேறொரு கதை.

12 ஏக்கர் ஆப்பிள் தோட்டத்தோடு இந்த இடத்தை 1857ல் 945 டாலருக்கு வாங்கியவர் பிரான்சன் ஆல்காட். தத்துவவாதி, கல்விச் சீர்திருத்தக்காரர். சம்பாதிக்கத்தான் தெரியாது. 1843ல் நண்பருடன் தொடங்கிய லட்சியப் பண்ணை ஏழே மாதத்தில் கவிழ்ந்தது. மனைவி அபிகெயில் பாஸ்டன் ஏழைகளிடையே சம்பளத்துக்குச் சமூகப் பணி செய்தார். இரண்டாவது மகள் லூயிசா தையல், டீச்சர் வேலை, வீட்டு வேலை எல்லாம் பார்த்தார். மூன்றாவது மகள் எலிசபெத் இந்த வீடு தயாராகும் முன்பே, 1858 மார்ச்சில் இறந்துபோனாள்.

கீழே வரவேற்பறை. மூத்தவள் ஆன்னாவின் கல்யாணம் 1860ல் இங்கேதான் நடந்தது. சோபாவில் ஒரு நீள உருளைத் தலையணை. அது நிமிர்ந்திருந்தால் லூயிசாவிடம் பேசலாம். படுத்திருந்தால் நெருங்கக் கூடாது என்பது வீட்டு வழக்கமாம். மாடியில் கடைக்குட்டி மேயின் அறை. சுவரிலும் ஜன்னல் சட்டங்களிலும் அவள் வரைந்த படங்களை யாரும் அழிக்கவில்லை.

லூயிசாவின் அறையில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, அப்பா செய்துகொடுத்த அரைவட்டப் பலகை. அதுதான் மேஜை. 1868ல் நாவலின் முதல் பாகத்தை இதில்தான் எழுதினார். பதிப்புரிமையை விற்றுவிடாதீர்கள் என்ற பதிப்பாளரின் யோசனையைக் கேட்டது நல்லதாயிற்று. குடும்பத்தின் பழைய கடன்கள் அடைந்தன. மேய் ஐரோப்பாவில் ஓவியம் படித்தாள். 1870ல் ஆன்னா விதவையானபோது அவளுடைய இரண்டு பையன்களுக்கும் லூயிசாவின் எழுத்துதான் துணை. 1879ல் பிரசவமாகி ஏழு வாரத்தில் மேய் இறந்தாள். அவளுடைய பெண் குழந்தை லூலு கடல் தாண்டி லூயிசாவிடம் வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இரண்டு உறவுக்கும் ‘ஆன்ட்’ தான். நம் முறைப்படி லூயிசா பையன்களுக்குச் சித்தி, லூலுவுக்குப் பெரியம்மா. கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாவலில் தன் சாயலில் படைத்த ஜோவுக்கு மட்டும் வாசகர்கள் விடாமல் கேட்டதால் கல்யாணம் செய்துவைத்தார்.

அதற்கு ஒரு விலை இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கு மட்டுமே. பிறகு அதைப் புதுப்பிக்க எழுத்தாளர் உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதவை மனைவியோ பிள்ளைகளோ வேண்டும். அக்காள், அவள் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் வரமாட்டார்கள். உடல் நலம் குன்றிய லூயிசா இதற்கும் வழி கண்டார். தத்தெடுப்பை முறைப்படுத்திய ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று 1851லேயே மாசசூசெட்ஸில் வந்திருந்தது. 1887ல், வாலிபனாகிவிட்ட அக்காள் மகன் ஜானை லூயிசா தத்தெடுத்தார். வருமானத்தை ஆன்னா, ஜான், அவன் அண்ணன், லூலு ஆகியோர் பகிர்ந்துகொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

1888 மார்ச் 4ல் அப்பா போனார். இரண்டே நாளில், 55 வயதில், மகள். நாவலின் உரிமை காலாவதியாக இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. புதுப்பிக்க ஒரு பிள்ளை இருந்தான்.